பழைய ஃபிளாஷும் பழைய ஸ்கிராட்சும்: எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்?

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் ஒரு கணினி விளையாட்டு, முடிவதற்குள் இரண்டு மாநிலத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பள்ளிக்கூடம் கேரளத்தில், அங்கே லேபில் ஓடுவது கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் லினக்ஸ். வீட்டில் இருப்பது, பொள்ளாச்சிப் பக்கம் படித்த மாமா பையனுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்த பழைய லேப்டாப், அதில் விண்டோஸ். டியூஷன் சென்டரில் இன்னொரு விண்டோஸ், அதில் யாரோ எப்போதோ போட்டு வைத்த ஃபிளாஷ், அதாவது அசையும் படமும் விளையாட்டும் செய்யும் பழைய சாஃப்ட்வேர். கடைசியில் அதைத் திறந்து பார்க்கப்போவது சித்தியின் போனில்.

இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு, “எந்த சாஃப்ட்வேர்ல சார் எஃபெக்ட் நிறைய இருக்கு?” என்று ஆரம்பித்தால் வேலை பாதியில் நிற்கும். செய்து முடித்ததை யார் திறப்பார்கள், எந்த மெஷினில் திறப்பார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலான சொதப்பல்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவைதான்.

பழைய சாஃப்ட்வேரைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பிளாக்குகளை அடுக்கி விளையாட்டு செய்யப் பழக்கும் ஸ்கிராட்சில், 2009-ல் வந்த 1.4 பதிப்பு, இன்டர்நெட் இல்லாத, ராம் குறைவான மெஷினிலும் சிக்கலில்லாமல் ஓடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘திரும்பத் திரும்பச் செய்’, ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்பதையெல்லாம் புரியவைக்க அது தாராளமாகப் போதும். அதில் செய்ததை வேறெங்கும் கொண்டுபோக முடியாமல் மாட்டிக்கொள்வதுதான் சிக்கல்.

ஃபிளாஷில் செத்தது எது?

“ஃபிளாஷ் செத்துப்போச்சு” என்று எல்லோரும் சொல்கிறோம். செத்தது பிளேயர், அதாவது ஃபிளாஷில் செய்ததை ஓட்டிக் காட்டுவது. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிரவுசருக்குள் ஃபிளாஷ் ஓடாதபடி அதுவே தடுத்தும்விட்டது. ஆனால் ஃபிளாஷ் வேலைகளைச் செய்யும் சாஃப்ட்வேர் 2016-லேயே அனிமேட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, பிளேயர் இல்லாமலே பிரவுசரில் ஓடும் எச்டிஎம்எல்5 பக்கம் போய்விட்டது. இதைப் பிரித்துப் பார்க்காததால் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஒருவர் பழைய ஃபைல்கள் இனி எதற்கு என்று அழித்துவிடுகிறார். இன்னொருவர் இன்றைக்கும் ஃபிளாஷ் 8-ல் உட்கார்ந்து எஸ்டபிள்யூஎஃப் ஃபைல் தயாரித்து, அதைப் பள்ளியின் இணையதளத்தில் போடக் கொடுக்கிறார்.

எஸ்டபிள்யூஎஃப் மட்டும் வைத்துக்கொண்டு எஃப்எல்ஏவைத் தொலைப்பது இதைவிடப் பெரிய தவறு. எஃப்எல்ஏ என்பது நீங்கள் வரைந்து, லேயர் பிரித்து, டைம்லைனில் அடுக்கிய மூலம். எஸ்டபிள்யூஎஃப் அதிலிருந்து பிழிந்து எடுத்தது. ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே ஒரு எழுத்தைத் திருத்துவதுகூடக் கஷ்டம். டிகம்பைலர் வைத்துப் படங்களையும் கோட் வரிகளையும் ஓரளவு வெளியே எடுக்கலாம்தான். ஆனால் லேயர்களுக்கு நீங்கள் வைத்த பெயர், கைடு கோடுகள், கோட் வரிகளுக்கு நடுவில் எழுதிவைத்த குறிப்புகள் எதுவும் திரும்பி வராது. பென்டிரைவில் இடமில்லை என்றால் எஸ்டபிள்யூஎஃபை அழியுங்கள், எஃப்எல்ஏவை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது, ஏனென்றால் டபுள் கிளிக் செய்ததும் ஓடுவது எஸ்டபிள்யூஎஃப்தான்.

பழைய எஸ்டபிள்யூஎஃபை ஓட்டிப் பார்க்க, கண்ட தளத்தில் “ஃபிளாஷ் பிளேயர் அப்டேட்” என்று வருவதை இறக்காதீர்கள். அந்தப் பெயரில் வைரஸ் பரப்புவது பிளேயர் உயிரோடு இருந்தபோதே நடந்தது. இப்போது அப்டேட் என்று ஒன்று இருக்கவே வழியில்லை. பழைய பிளேயர் போலவே ஓட்டிக் காட்டும் ரஃபிள் என்ற இலவச எமுலேட்டர் இருக்கிறது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 (ஃபிளாஷில் கோட் எழுதும் மொழியின் பழைய பதிப்பு) வரை எழுதியவை அதில் பெரும்பாலும் நன்றாக ஓடுகின்றன. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல் எழுதியவை சில ஓடும், சில தடுமாறும்.

காசு கட்டாமல் கிராக் செய்த ஃபிளாஷ் சிஎஸ்6 பதிப்பைப் பற்றித் தனியாக என்ன சொல்ல? ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இதை ஓட்டவும்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள், நாமும் செய்கிறோம். பிறகு அதே பென்டிரைவ்தான் பள்ளி லேபுக்கும் போகிறது.

2-க்கும் 3-க்கும் நடுவில்

ஃபிளாஷில் கோட் எழுதப் பழகுபவர்கள் வழக்கமாக இடறும் இடம் ஒன்று உண்டு. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 வந்தது 2006-ல். அதற்கு முந்தைய பாடங்களும் பிந்தைய பாடங்களும் யூடியூபிலும் பழைய புத்தகங்களிலும் கலந்து கிடக்கின்றன. பழைய முறையில் பட்டனைத் தேர்ந்தெடுத்து, அதன் மேலேயே ‘ஆன் ரிலீஸ்’ என்று எழுதலாம். 3-ல் அது கிடையாது. பட்டனுக்கு ஒரு இன்ஸ்டன்ஸ் பெயர் (கோட் அதைக் கூப்பிடும் பெயர்) கொடுத்து, டைம்லைனின் ஃபிரேமில் ‘ஆட் ஈவென்ட் லிஸனர்’ எழுத வேண்டும்.

பையன் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு, புதிய ஃபைலில் பட்டனைத் தொட்டு ஆக்‌ஷன்ஸ் பேனலைத் திறக்கிறான். இங்கே எதுவும் எழுத முடியாது என்கிறது பேனல். சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு என்று அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறான். அதில் கெட்டுப்போவதற்கு ஒன்றுமில்லை. புது ஃபைல் திறக்கும்போதே 2-ஆ 3-ஆ என்று அது கேட்டது. அவன் பார்க்காமல் முதலில் இருந்ததை அழுத்திவிட்டான். குழப்பம் நீடிக்க இன்னொரு காரணம், ‘ஸ்டாப்’, ‘கோட்டு அண்ட் பிளே’ இரண்டும் இரண்டு வகையிலும் வேலை செய்யும் என்பது. பாதி ஓடுவதால் மீதியும் ஓடும் என்ற நம்பிக்கை போகாது. ஆகவே எந்தப் பாடத்தைப் பின்பற்றப் போகிறீர்களோ, அது எந்தப் பதிப்புக்கானது என்று முதல் நிமிடத்திலேயே பாருங்கள். கோட் பட்டன் மேல் இருந்தால் 2, ஃபிரேமில் லிஸனர் இருந்தால் 3.

அனிமேட் கிடைத்தால் பழைய ஃபைலை எச்டிஎம்எல்5 கேன்வாஸாக மாற்றலாம். படங்களும் அசைவும் பெரும்பாலும் வந்துவிடும். கோட் வராது, எல்லா வரியையும் ஓடாத கமென்ட் ஆக்கி வைத்துவிடும், ஜாவாஸ்கிரிப்டில் நாம்தான் மறுபடி எழுத வேண்டும். ‘கன்வெர்ட்’ என்ற சொல்லை நம்பி ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் இதில் இறங்காதீர்கள்.

ஃபிரேம் ரேட் சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி கடிக்கும். பழைய ஃபிளாஷில் புது ஃபைல் நொடிக்கு 12 ஃபிரேம் என்று திறக்கும். சிஎஸ்4 முதல் 24. பழைய ஃபைலில் இருந்து ஃபிரேம்களை காப்பி செய்து புதிய ஃபைலில் ஒட்டினால், நிதானமாக நடந்த யானை ஓட ஆரம்பித்துவிடும்.

ஸ்கிராட்ச் ஒருவழிப் பாதை

ஸ்கிராட்ச் மூன்று தலைமுறை கண்டது. 1.4-ன் ஃபைல் எஸ்பி. 2013-ல் வந்த 2.0-ன் ஃபைல் எஸ்பி2. 2019 ஜனவரியில் வந்த 3.0-ன் ஃபைல் எஸ்பி3. புதியது பழையதைத் திறக்கும். பழையது புதியதைத் திறக்காது. வீட்டில் 3-ல் செய்துவிட்டு, 2 மட்டும் உள்ள மெஷினுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

அப்போது பலர் செய்வது, ஃபைல் பெயரின் வாலை எஸ்பி3-லிருந்து எஸ்பி2 என்று மாற்றுவது. பெயர் மாறும், உள்ளே இருப்பது மாறாது. சரி, படங்களையாவது காப்பாற்றலாமா என்றால், முடியும். எஸ்பி3 என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். அதை ஒரு காப்பி எடுத்து, காப்பியின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உடைகள் (பாத்திரங்களின் படங்கள்), ஒலிகள் எல்லாம் தனித்தனி ஃபைலாக உள்ளே இருக்கும். பெயர்கள் மட்டும் புரியாத நீள எழுத்துகளாக இருக்கும். பிளாக்குகளைக் கையால் திரும்ப அடுக்க வேண்டியதுதான்.

அப்படி அடுக்கும்போது இன்னொன்று: 1.4-ல் குளோன் (விளையாட்டு ஓடும்போதே நகலெடுப்பது) கிடையாது, சொந்த பிளாக் செய்யும் வசதியும் கிடையாது. மேலிருந்து மழைத்துளி கொட்டும் விளையாட்டை 3-ல் ஒரே ஸ்பிரைட்டை (திரையில் அசையும் பாத்திரத்தை) குளோன் செய்து முடிப்பீர்கள், 1.4-ல் ஒவ்வொரு துளிக்கும் ஒரு ஸ்பிரைட் வேண்டும். பள்ளி மெஷினில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஐடியா யோசிப்பது நல்லது. கேரளப் பள்ளி அறிவியல் விழாவான சாஸ்திரோத்சவத்தின் ஐ.டி. மேளாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். போட்டி நடப்பது கைட் லினக்ஸில். வீட்டு விண்டோஸில் வேறொரு சாஃப்ட்வேரில் பழகிய கை, அங்கே மெனுவைத் தேடுவதிலேயே நேரத்தைத் தின்றுவிடும்.

கேரளப் பள்ளிகளின் ஐ.டி. கிளப்பான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் டுபிட்யூப் என்ற சாஃப்ட்வேரில் அழகாக வரைகிறார்கள். வரைந்த கிளியைத் தொட்டால் அது பேச வேண்டும் என்று அதிலேயே தேடுகிறார்கள். டுபிட்யூப், பென்சில்2டி, ஓபன்டூன்ஸ் எல்லாம் அசையும் படம் செய்யத்தான். தொட்டால் பதில் சொல்லும் வேலை அவற்றில் இல்லை. அசைவை அங்கே வரைந்து, படம் படமாகவோ ஜிஃப் ஆகவோ ஏற்றுமதி செய்து, ஸ்கிராட்சில் ஏற்றுங்கள். ஜிஃபை ஏற்றினால் ஒவ்வொரு ஃபிரேமையும் தனி உடையாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

பாமினியும் கொம்பும்

இந்தப் பக்கத்தில் தமிழும் மலையாளமும் சேர்ந்த சொல் விளையாட்டு செய்யாத ஆசிரியர் குறைவு. பழைய ஃபிளாஷில் தமிழுக்கு பாமினி, மலையாளத்துக்கு எம்எல்-டிடி வகை ஃபாண்ட் என்று இரண்டையும் போட்டிருப்பார்கள். இரண்டுமே யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையைச் சேராதவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் நம் எழுத்தின் உருவத்தை வைத்து ஏமாற்றுபவை. அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அரைப்புள்ளிக்குக் காரணம், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்தச் சாவியில்தான் இருக்கிறது.

யூனிகோடில் அடித்து ஒட்டினால் சரியாகிவிடுமா? பழைய ஃபிளாஷில் ஆகாது. ஃபாண்டை உள்ளே பொதிந்தால், ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ‘கொ’ மூன்றாக உடைந்து நிற்கும். மாறாத தலைப்பு என்றால், சரியாகத் தெரியும் மெஷினில் ‘பிரேக் அபார்ட்’ இரண்டு முறை அழுத்தி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றுங்கள். பிறகு எந்த மெஷினிலும் அப்படியே தெரியும். ஆனால் அப்புறம் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. அதனால் எல்லாச் சொற்களையும் யூனிகோடில் தனி டெக்ஸ்ட் ஃபைலாக அடித்து, எஃப்எல்ஏ பக்கத்திலேயே வையுங்கள். நாளைக்கு அதே விளையாட்டை வேறு சாஃப்ட்வேரில் கட்டும்போது முதலில் தேடப்போவது அதைத்தான். ஏற்கெனவே பாமினியில் கிடப்பதை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்கிராட்ச் 3-ல் ‘சொல்’ பிளாக்கில் தமிழ் ஒழுங்காக வரும். உடை வரையும் இடத்தில் தட்டும் தமிழ், மெஷினில் இருக்கும் ஃபாண்டைப் பொறுத்து அளவு மாறும், சில சமயம் பெட்டியை விட்டு வெளியே வழியும். பிட்மேப் ஆக மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லை தாண்டும்போது

விண்டோஸில் ஓடியது லினக்ஸில் ஓடவில்லை என்றால் முதலில் ஃபைல் பெயர்களைப் பாருங்கள். கிளியின் படத்தைப் பெரிய எழுத்தில் ஆரம்பித்துச் சேமித்துவிட்டு, கோட் வரியில் சின்ன எழுத்தில் கூப்பிட்டிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஃபைல். எல்லாப் பெயரையும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வைப்பதே வம்பில்லாத வழி. டி டிரைவ், இன்ன ஃபோல்டர் என்று முழு முகவரி எழுதுவதும் அப்படித்தான். லினக்ஸில் டி டிரைவே கிடையாது.

கோட் எழுதிப் படம் வரையும் பிராசஸிங்கில் பழகியவர்கள், அதன் பிரவுசர் வடிவமான பிராசஸிங்.ஜேஎஸ்-ஐப் புதிதாகத் தொட வேண்டாம். அதன் வளர்ச்சி 2018-ல் நின்றது, பி5.ஜேஎஸ் போதும். அதில் ஒரு குழி மட்டும்: பக்கத்தை டபுள் கிளிக் செய்து திறந்தால், அதே ஃபோல்டரில் உள்ள படத்தைப் பாதுகாப்புக்காக பிரவுசர் ஏற்றவிடாது. கோட் தப்பு என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். உங்கள் மெஷினிலேயே சின்னதாக ஒரு லோக்கல் சர்வர் ஓட்டினால் படம் வந்துவிடும்.

டைரக்டர் என்ற பழைய சாஃப்ட்வேரில் செய்த பாட சிடிக்கள் வீட்டில் கிடந்தால், அவற்றைத் திறக்கும் என்று ரஃபிளை நம்பாதீர்கள். டைரக்டரின் ஷாக்வேவ் வேறு, ஃபிளாஷ் வேறு. ஷாக்வேவ் பிளேயர் 2019 ஏப்ரலில் நின்றது. சிடி கீறல் விழுவதற்குள் ஐஎஸ்ஓவாக (சிடியின் முழு நகல் ஃபைலாக) எடுத்துவைத்து, பழைய விண்டோஸ் உள்ள மெஷினில் ஓட்டி, திரையை வீடியோவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சித்தியின் போன். ஃபிளாஷின் மேடை வழக்கமாக 550-க்கு 400, ஸ்கிராட்சின் மேடை 480-க்கு 360. இரண்டும் படுக்கைவாட்டம், போனை நிமிர்த்திப் பிடித்தால் எழுத்து எறும்பாகிவிடும். பழைய விளையாட்டுகளில் பாதி, மவுஸைப் பட்டன் மேல் கொண்டுபோனால் நிறம் மாறுவதையும் அம்புக்குறிச் சாவிகளையும் நம்பி இருப்பவை. போனில் இரண்டும் இல்லை. ஸ்கிராட்ச் ஃபைலை டர்போவார்ப் பேக்கேஜர் என்ற கருவியில் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக மாற்றினால் போன் பிரவுசரிலேயே திறக்கும். அதற்கு முன்னால் திரையின் இரு ஓரத்திலும் பெரிய அம்புப் பட்டன்களை ஸ்பிரைட்டாக வைத்துவிடுங்கள். ‘மவுஸ் பாயின்டரைத் தொடுகிறதா’, ‘மவுஸ் அழுத்தியிருக்கிறதா’ என்ற இரண்டு பிளாக்கையும் சேர்த்துப் பார்த்தால் போதும். விரல் படுவதையும் ஸ்கிராட்ச் மவுஸாகவே எடுத்துக்கொள்ளும்.