வன்னிக் குளக்கரையில் பறவைப் படம்: கிட்டப் போகாமல் எடுக்கப் பழகுவோம்

ஆனி மாதம். வவுனிக்குளத்தில் தண்ணீர் வற்றி அலைகரை வெளித்துக் கிடந்தது. ஆட்காட்டி ஒன்று என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. எங்கள் ஊரில் ஆக்காட்டி என்போமே, அதுதான். முகத்துக்கு நேரே பாய்ந்து வந்து கடைசி நொடியில் திரும்பும். கமெரா வாங்கிய புதிது, நல்ல வெளிச்சம் வேறு. அரை மணி நேரம் அங்கேயே நின்று நூற்றுக்கு மேல் படம் எடுத்தேன். மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் தூரத்தில் நின்று கூப்பிட்டார்: “தம்பி, அது உங்களைத்தான் பேசுது. முட்டை கிடக்குப் போல, இங்கால வாங்கோ.”

திரும்பும்போதுதான் கண்டேன். நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டுத் தள்ளி ஒரு சின்னப் பள்ளம். சுற்றிவரக் குறுணிக் கற்களும் ஆட்டுப் புழுக்கையும். நடுவில் நான்கு முட்டைகள், மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு. நேரம் 11 மணி. அந்த வெயிலில் தாய்ப்பறவை முட்டையில் இருப்பது சூடு கொடுக்க இல்லை, நிழல் கொடுக்க. ஆட்காட்டி தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையில் அமர்ந்து குளிர வைக்கும் பறவை. அரை மணி நேரமாக அந்த முட்டைகளுக்கு நான் நிழல் இல்லாமல் செய்திருந்தேன். அந்தப் படங்களில் ஒன்றையும் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே பிழையை விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிப்படியாகப் போவோம்.

படி 1: கமெராவை வீட்டிலேயே சரி செய்யுங்கள்

களத்தில் நின்று பொத்தான் தேடினால் கை ஆடும், பறவை பறக்கும். முதல் நாள் இரவே ‘பீப்’ ஒலியை நிறுத்துங்கள். ஃபோகஸ் செய்யும்போது முன்னால் எரியும் சின்ன விளக்கையும் அணையுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி போதும். லென்ஸ் 300 மி.மீ. ஆவது இருந்தால் நல்லது. அது இல்லாதவர்கள் பறவையோடு குளம், பனை, வானம் எல்லாம் சேர்த்து எடுங்கள். பறவை சின்னதாகத்தான் தெரியும், ஆனால் அது எங்கே வாழ்கிறது என்பதும் அந்தப் படத்தில் இருக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

படி 2: காலமும் இடமும்

வலசைப் பறவைகள் புரட்டாதி, ஐப்பசியில் வரத் தொடங்கி பங்குனி, சித்திரையில் திரும்பும். இரணைமடு, கட்டுக்கரைக்குளம், கொக்கிளாய், சுண்டிக்குளம் என்று நமக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை பார்க்க நான் அங்கேதான் போவேன். விடிந்து இரண்டு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். பறவைகள் மும்முரமாக மேய்வதும் அப்போதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள். தெரியாத பற்றைக்குள் பறவையைத் துரத்திக்கொண்டு இறங்காதீர்கள். இந்த மண்ணில் மிதிவெடி அகற்றும் வேலை எவ்வளவு காலமாக நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆட்கள் நடந்து நடந்து விழுந்த பாதை, குளக்கட்டு, வாய்க்கால் வரம்பு, இவை போதும். வயல் என்றால் கமக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். எந்தப் பறவை எங்கே இருக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 3: கமெராவைத் தூக்குமுன் பறவையைப் படியுங்கள்

இந்தப் படியை மட்டும் ஒழுங்காகப் பழகினாலே மற்றவை தானாக வரும். எத்தனை மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு ஒரே கணக்கு இல்லை. குளிக்கும் ஆட்களுக்குப் பழகிய கொக்கு பத்து அடியில் நிற்கும். அதே கொக்கு வேறு குளத்தில் நூறு அடியிலேயே எழும்பிவிடும். தூரத்தைப் பறவைதான் சொல்லும்.

வங்காலையில் பூநாரைக் கூட்டத்தைப் பாருங்கள். பயமில்லாமல் மேயும்போது அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் அசைத்து அசைத்து நடக்கும். கூட்டத்தில் பெரும்பாலான தலைகள் தண்ணீரில்தான் இருக்கும். நீங்கள் கொஞ்சம் முன்னே போகிறீர்கள். ஓரத்தில் நிற்கும் ஒன்று தலையைத் தூக்கும். அது முதல் அறிகுறி, அங்கேயே நின்றுவிடுங்கள். பிறகு நாலைந்து கழுத்து நிமிரும், பக்கத்தில் நிற்பவை நெருங்கி ஒன்றாகும். இப்போது பின்னால் வாருங்கள். கூட்டம் முழுவதும் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் அன்றைக்கு நீங்கள் பிந்திவிட்டீர்கள். அடுத்தது ஓட்டம், அப்புறம் பறப்பு. பூநாரை சட்டென்று மேலே எழும்பாது. தண்ணீரில் ஓடி ஓடித்தான் எழும்பும். அந்த ஒரு பறப்புக்கு அது செலவழிக்கும் சக்தி காலையிலிருந்து மேய்ந்து சேர்த்தது. பங்குனியில் நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் உள்ளான்களுக்கு இது இன்னும் பெரிய நட்டம். கூட்டமாகப் பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்தவர்களையும் கை தட்டியவர்களையும் நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவரோடு போகவும் வேண்டாம்.

மேய்ச்சலை நிறுத்துவது, உங்களையே பார்ப்பது, கத்துவது, இறகு முறிந்ததுபோல் நிலத்தில் இழுபடுவது. இதில் எது நடந்தாலும் பின்வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது நடிப்பு. பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது, உங்களை வேறு பக்கம் இழுத்துப் போகப் பார்க்கிறது.

படி 4: நடக்காமல் உட்காருங்கள்

நல்ல இடம் ஒன்றைப் பார்த்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்காருங்கள். மருதமர நிழலோ கட்டின் சரிவோ எதுவானாலும் சரி. நிற்கும் மனிதனைவிட உட்கார்ந்திருக்கும் மனிதன் பறவைக்குச் சின்னவன். முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கட்டுக்கரையில் அப்படி இருந்தேன். பவளக்கால் உள்ளான் ஒன்று தானாகவே மேய்ந்து மேய்ந்து என் செருப்புக்கு ஐந்தடி முன்னால் வந்தது. தண்ணீரில் அதன் காலைச் சுற்றி எழுந்த சின்ன வளையத்தைக்கூடப் பார்க்க முடிந்தது. எத்தனை நாள் துரத்தியும் கிடைக்காத படம் அது.

வீதியோரம் என்றால் வாகனத்துக்குள்ளேயே இருங்கள். ஓட்டோவுக்குப் பயப்படாத பறவை அதிலிருந்து இறங்கும் காலுக்குப் பயப்படும். கிட்டப் போயே ஆகவேண்டும் என்றால் நேரே போகாமல் சாய்வாக நடங்கள், நாலு எட்டுக்கு ஒருமுறை நில்லுங்கள். அது தப்பிப் போகும் பக்கத்தை மறிக்காதீர்கள். முடித்துவிட்டு எழும்பும்போதும் அதே மெதுவாகத்தான்.

படி 5: கூட்டை விட்டுவிடுங்கள்

தொடக்கக்காரருக்கு இதில் விதிவிலக்கே வேண்டாம் என்பது என் முடிவு. நீங்கள் ஒதுக்கிய கிளை திரும்பப் பழைய இடத்துக்கு வராது. நீங்கள் நின்று பார்த்த இடத்தைக் காகம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் விலகியதும் அது இறங்கும்.

மன்னார் உப்புவெளிகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஊர்க்குருவி அளவிலான ஒரு சின்ன உப்புக்கொத்தி அங்கே வெறும் நிலத்தில் முட்டையிடுகிறது. 2023இல்தான் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்த குழு அதைத் தனி இனம் என்று காட்டி, அனுமனின் பெயரை வைத்தது. காய்ந்த சேற்றில் மோட்டார் சைக்கிளை விட்டால் அந்த முட்டையின் மேல் ஏற்றியதுகூட நமக்குத் தெரியாது.

படி 6: கைபேசியில் குரல் போடாதீர்கள்

வலசை வரும் ஆறுமணிக்குருவி களைத்துப் போய் வந்து இறங்கும் காலத்தில் சிலர் அதன் குரலைப் போட்டு வெளியே இழுக்கிறார்கள். வேறொன்று தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து, சருகு கிளறுவதை விட்டுவிட்டு அது தேடி அலைகிறது. இரவில் ஆந்தைக்கும் பக்கிக்குருவிக்கும் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ட்ரோன், அனுமதி இருந்தாலும், நீர்ப்பறவைக் கூட்டத்துக்கு மேல் வேண்டாம். மேலிருந்து வரும் எதுவும் அவற்றுக்குப் பருந்துதான்.

படி 7: பகிரும்போது

கைபேசிக் கமெராவில் இடத்தைப் பதியும் வசதியை நிறுத்திவையுங்கள். “மன்னார் மாவட்டம்” என்று போட்டால் போதும், குளத்தின் பெயரும் மரமும் வேண்டாம். ஆந்தை அடையும் மரம் ஒன்று வெளியே தெரிந்தால் அடுத்த ஞாயிறு அதன் கீழே பத்துப் பேர் நிற்பார்கள். இடம் கேட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு நான் இடத்தைச் சொல்வதில்லை. விடிய 5 மணிக்கு வரச் சொல்லி என்னோடு கூட்டிப் போகிறேன். முதல் ஒரு மணி நேரம் கமெரா பைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு மட்டும் சம்மதிக்க வேண்டும்.