டீசல் ஹேட்ச்பேக்கைப் பூப்போல ஓட்டிக் கெடுக்காதீர்கள்

போன வாரம் மச்சானோடு அவருடைய டீசல் ஹேட்ச்பேக்கில் போனேன். வேகம் 45 கிலோமீட்டர்தான், அதற்குள் ஐந்தாவது கியர். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டரின் முள் ஆயிரத்தை ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க கியர் லீவர் நடுங்குகிறது, கப் ஹோல்டரில் கிடந்த சில்லறை கிலுகிலுவென்று ஆடுகிறது, இன்ஜின் அடித்தொண்டையில் முனகுகிறது, வண்டி மட்டும் போக மாட்டேன் என்கிறது. "வண்டி முக்குதே மச்சான், ஒரு கியர் குறைங்க" என்றேன். "டீசல்தானே, டார்க் இருக்கு, தானா இழுத்துக்கும். நான் வண்டியைப் பூ மாதிரி ஓட்டுறவன்" என்றார்.

இந்தப் பூ மாதிரி ஓட்டுவதுதான் பிரச்சினையே. நான் பார்த்தவரை சின்ன டீசல் கார்கள் முரட்டுத்தனத்தால் கெட்டதைவிட இந்த மாதிரி அக்கறையால் கெட்டதுதான் அதிகம்.

டீசல் என்றால் எந்த வேகத்திலும் இழுக்கும் என்ற நம்பிக்கை லாரி, டிராக்டரில் இருந்து வந்தது. அவற்றின் இன்ஜின் பெரியது, இழுக்கும். உங்கள் ஹேட்ச்பேக்கில் இருப்பது ஒன்றரை லிட்டர் இன்ஜின், அதோடு ஒரு டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. டர்போவைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று தெரிய வேண்டுமா, 1976ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசலைப் பாருங்கள்: 1.5 லிட்டர், டர்போ கிடையாது, 50 குதிரைத்திறன். அதே 1.5 லிட்டரில் ரெனோவின் டிசிஐ இன்ஜின் பிற்காலத்தில் 110 குதிரைத்திறன் வரை தந்தது, 1,750 ஆர்பிஎம்மிலேயே 260 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). இடையில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு டர்போ திணிக்கும் காற்றுடையது. முள் 1,500க்குக் கீழே இருக்கும்போது டர்போவுக்குப் போதிய புகைவேகம் கிடைப்பதில்லை, ஆகவே நீங்கள் ஓட்டுவது ஏறக்குறைய அந்தப் பழைய கோல்ஃப் இன்ஜினைத்தான், அதுவும் அதைவிடப் பல நூறு கிலோ கூடுதலான உடம்பை வைத்துக்கொண்டு.

விளம்பரத்தில் 260 என்று பெரிதாகப் போடுவார்கள், பக்கத்தில் 1,750 என்பது சின்ன எழுத்தில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,750ல் 260 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 65 குதிரைத்திறன். 1,200ல் அதில் பாதி டார்க்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால் வெறும் 22. மச்சான் அந்த 22 குதிரையைத்தான் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்.

சரி, போக மறுக்கிறது, அவ்வளவுதானே, கெடுதல் எங்கே வந்தது என்றால், நான்கு சிலிண்டர் இன்ஜின் 1,200 ஆர்பிஎம்மில் நொடிக்கு 40 முறை வெடிக்கிறது, ஒவ்வொன்றும் பெட்ரோலைவிடக் கடுமையான அடி, ஏனென்றால் டீசலில் காற்று 16, 17 மடங்கு வரை அமுக்கப்பட்டு அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றுகிறது. அடிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் சுழற்சி சீராக இருக்காது, அந்தக் குலுக்கலை எல்லாம் கிளட்ச் பக்கத்தில் இருக்கும் இரட்டை ஃப்ளைவீலின் (நடுவே ஸ்பிரிங் வைத்து இணைத்த இரண்டு கனமான சக்கரங்கள்) ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன. சில்லறை ஆடியது அதனால்தான். தவிர, காற்று போதாமல் எரிபொருளை மட்டும் ஊட்டினால் வருவது கரி. அந்தக் கரிக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது, வருகிறேன்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. பெட்ரோல் காரில் இருந்து மாறி வந்தவர்கள் ஓவர்டேக் என்றதும் மூன்றாவது கியரில் 4,500 வரை முறுக்குவார்கள். டீசலில் பெரும்பாலும் 4,000 ஆர்பிஎம் வாக்கிலேயே சக்தி உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிக்கும், எரிபொருள் உள்ளே பீச்சப்பட்ட பிறகுதான் காற்றோடு கலந்து எரிய வேண்டும் என்பதால் வேகமான சுழற்சியில் அதற்கு நேரம் போதாது. மேலே போனால் சத்தம் வரும், வேகம் வராது. 3,500 வாக்கில் அடுத்த கியருக்குத் தூக்குங்கள், முள் 2,500 பக்கத்தில் வந்து விழும், அங்கேதான் இழுவை முழுசாக இருக்கிறது. ஓவர்டேக்கில் நிஜமான ஆபத்து வேறு: டாப் கியரில் 1,400ல் இருந்தபடியே வெளியே எடுத்து, டர்போ விழிக்கும்வரை எதிர்த் தடத்தில் காத்திருப்பது. முதலில் கியரைக் குறையுங்கள், முள் 2,000ஐத் தாண்டட்டும், அப்புறம் வெளியே வாருங்கள்.

இப்போது கரிக்கு வருவோம். இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைக்கும், நிறைந்ததும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். எரிக்க 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். சாதாரண ஓட்டத்தில் அவ்வளவு சூடு வராது என்பதால் இன்ஜின் கம்ப்யூட்டர் கொஞ்சம் எரிபொருளைத் தாமதமாகப் பீச்சி, அந்தச் சூட்டை வேண்டுமென்றே உண்டாக்குகிறது. இதற்குப் பத்து இருபது நிமிடம் சீரான ஓட்டம் தேவை. வீட்டில் இருந்து மூன்று கிலோமீட்டரில் வேலை, மாலையில் திரும்ப அதே மூன்று கிலோமீட்டர் என்று ஓடும் வண்டிக்கு அந்த நேரம் எப்போது கிடைக்கும்? ஒவ்வொரு முறையும் பாதி எரியும் அடுப்பில் தண்ணீரை ஊற்றிய மாதிரி சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம்.

எரிப்பு நடந்துகொண்டிருப்பதை வண்டியே சொல்லும், நாம்தான் கவனிப்பதில்லை. நிற்கும்போது ஐட்லிங் வழக்கத்தைவிட ஒரு நூறு இருநூறு கூடுதலாக இருக்கும், மைலேஜ் காட்டி திடீரென்று விழும், சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது, அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஊளையிடும், கீழேயிருந்து சூட்டு வாடை வரும். அப்படி இருக்கும்போது முடிந்தால் இன்னும் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள், ஒரு கியர் குறைத்து 2,000க்கும் 2,500க்கும் நடுவில் வைத்து ஓட்டினால் போதும். முடியாமல் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள், குழாய் அவ்வளவு சூடாக இருக்கும்.

பாதியில் நிற்கும் எரிப்பின் இன்னொரு விளைவைப் பலர் நல்ல செய்தி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். தாமதமாகப் பீச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. பெட்ரோல் என்றால் ஆவியாகிப் போய்விடும், டீசல் லேசில் போகாது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் அளவு ஏறியிருக்கும். "என் வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்கறதில்லை, பாரு" என்று பெருமையாகக் காட்டுவார்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள், மேல்கோட்டுக்கு மேலே நின்றால், விரலில் தேய்க்கும்போது தண்ணீர் மாதிரி ஓடினால், டீசல் வாடை அடித்தால், அது ஆயில் மாற்ற வேண்டிய நேரம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி. கோட்டைத் தாண்டி மிகவும் ஏறிவிட்டால் ஆயில் மூச்சுக்குழாய் வழியாக இன்ஜினுக்குள்ளேயே போய், அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் தறிகெட்டு ஓடும், சாவியை எடுத்தாலும் நிற்காது. கையால் கியர் போடும் வண்டி என்றால் நின்ற இடத்திலேயே பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டு மூச்சடைக்க வைப்பதுதான் வழி. அபூர்வம்தான், ஆனால் டீசலில் மட்டும் நடக்கக்கூடிய விபரீதம். இன்னொரு பக்கம், ஆயில் மாற்றி நான்கு நாளில் கறுத்துவிட்டதே என்று கவலைப்பட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், டீசலில் ஆயில் கறுப்பது இயல்பு, கரியை மிதக்க வைத்திருப்பதே அதன் வேலை.

ஆயில் வாங்கும்போதும் கெட்டித்தன்மை எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. டிபிஎஃப் இருக்கும் வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 என்பது போல ஐரோப்பியத் தரக்குறியீடு இருக்கும், உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். கரி எரியும், சாம்பல் எரியாது, வடிகட்டியில் அப்படியே தங்கிவிடும்.

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நிறுத்தியே வைத்திருந்து "சூடாக்கும்" வழக்கமும் இந்தப் பூ ரகம்தான். டீசல் ஐட்லிங்கில் குடிப்பதே சொற்பம், வீணாகும் சூடும் சொற்பம், பத்து நிமிடம் நின்றாலும் அரைச்சூடுதான். டேஷ்போர்டில் சுருள் வடிவில் எரியும் விளக்கு (சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கின் அடையாளம்) அணைந்ததும் ஸ்டார்ட் செய்து, அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் 2,500ஐத் தாண்டாமல் ஓட்டினால் போதும். அடக்கி ஓட்ட வேண்டிய ஒரே நேரம் அதுதான். அதேபோல் ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு வந்த கையோடு டக்கென்று அணைக்காதீர்கள், நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகக்கூடிய டர்போ மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது, ஒரு நிமிடம் மூச்சு வாங்க விடுங்கள். நிதானமாக வந்து வீட்டில் நிறுத்தும்போது இது தேவையே இல்லை.

எரிபொருள் பற்றி ஒன்று. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் ஒரு பம்ப் டீசலை அமுக்கிப் பொதுக்குழாய் ஒன்றில் வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் தருகிறது, அந்த அழுத்தம் 2,000 பாரையும் தாண்டும், உங்கள் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இன்ஜெக்டர் துளை முடியளவுதான். அந்தப் பம்பிற்கு மசகு எண்ணெய் என்று தனியாக இல்லை, டீசலே அதற்கு எண்ணெய். தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் இக்னிஷனைக்கூடப் போடாதீர்கள், டேங்கைக் காலி செய்தால் சில மணி நேரத் தொல்லையோடு போய்விடும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப் தேய்ந்து உலோகத்தூள் எரிபொருள் அமைப்பு முழுக்கப் பரவும், செலவு பெரிதாகும். டீசல் ஃபில்டரைத் தள்ளிப்போடுவதும், அதில் சேரும் தண்ணீரை வடிக்காமல் விடுவதும் இதே செலவுக்கு மெதுவாகப் போகும் வழிகள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கியரில் வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் சொட்டுக்கூடப் பீச்சாது, நியூட்ரலில் ஐட்லிங்குக்குக் குடிக்கும். இன்ஜினையே அணைத்து உருட்டினால் அதைவிட மோசம், டீசலில் பிரேக்குக்கான வெற்றிடத்தைத் தனிப் பம்ப் தருகிறது, அணைந்தபின் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும்.

முன்பக்க எடை இன்னொரு சமாச்சாரம். அதே மாடலின் பெட்ரோலைவிட மூக்கு கனம், ஆகவே வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போகும், நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, பாதி வளைவில் இழுவையைக் கொடுங்கள், இந்த வண்டிகள் அப்படி ஓட்டினால் அழகாகப் போகும். முன்டயர் காற்றைப் பெட்ரோல் மாடலின் அளவுக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் டீசலுக்குத் தனி வரி இருந்தால் அதைப் பாருங்கள்.

பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கப் போனால், விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். பானெட் மேல் கை வைத்தாலே தெரிந்துவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டில் வரும் புகை, ஐட்லிங் நடுக்கம், அணைக்கும் நொடியில் கடகடவென்று ஒரு சத்தம் வருகிறதா என்பது, இந்த மூன்றும் ஓட்டிப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும். அந்தக் கடகடப்பு பெரும்பாலும் ஃப்ளைவீல். முந்தைய உரிமையாளர் பூ மாதிரி ஓட்டியிருப்பார்.