1911 சென்சஸில் ‘இறந்தவர்கள்: 3’ என்று இருக்கிறதா? அந்தக் குழந்தைகளின் பெயர்களைக் கண்டுபிடிப்பது எப்படி

1911 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு. இங்கிலாந்தில் அன்று வீட்டில் இருந்தவர்கள் எல்லோரையும் குடும்பத்தலைவரே தன் கைப்பட எழுதிக் கொடுத்த தாள்தான் 1911 சென்சஸ். அதில் 6 முதல் 9 வரையிலான பத்திகளைப் பாருங்கள்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள், இப்போது இருப்பவர்கள், இறந்தவர்கள். ‘24, 9, 6, 3’ என்று நான்கு எண்கள் இருக்கும். அந்தக் கடைசி 3-ஐப் பலரும் அப்படியே கடந்துபோய்விடுகிறார்கள். அந்த மூவருக்கும் பெயர் உண்டு, பதிவும் உண்டு. அவர்கள் இல்லாத குடும்ப மரம் அரைகுறை மரம்.

தேவையானவை: சென்சஸ் தாளின் படம், ஜிஆர்ஓ தளத்தில் ஒரு கணக்கு (இலவசம்), ஃப்ரீபிஎம்டி தளம் (பிறப்பு, திருமண, இறப்பு அட்டவணைகளை இலவசமாகத் தேட உதவுவது), ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு. ஜிஆர்ஓ என்பது இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான தலைமைப் பதிவு அலுவலகம். தாளைத் தட்டச்சு செய்த நகலை நம்பி இறங்க வேண்டாம். விதவைகள் இந்த நான்கு பத்திகளையும் நிரப்பத் தேவையில்லை என்றாலும் நிறையப் பேர் நிரப்பினார்கள். அதிகாரிகள் பிறகு அதன்மேல் கோடு இழுத்தார்கள். நகலில் அது பெரும்பாலும் விடுபட்டிருக்கும். படத்திலோ கோட்டுக்குக் கீழே எண்ணைத் தெளிவாகப் படிக்கலாம். கணவர் வரிசையில் எழுதி அடிக்கப்பட்ட எண்களும் அப்படித்தான்.

முதல் படி: தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர்

ஆங்கிலேயரின் குடும்பப்பெயர் நம் இனிஷியல் போலத் தலைமுறைதோறும் மாறாது. ஆனால் பெண்ணுக்குக் கல்யாணத்தோடு மாறிவிடும். அவள் பிறந்த வீட்டுப் பெயர்தான் இந்தத் தேடலுக்குச் சாவி.

தாளில் இருக்கும் பிள்ளைகளில் அதிகம் புழங்காத பெயர் உள்ள ஒருவரை எடுங்கள். ஜார்ஜ், மேரி வேண்டாம். ஹெப்சிபா, எனோக் மாதிரி கிடைத்தால் நல்லது. ஜிஆர்ஓ பிறப்பு அட்டவணையில் அவரைத் தேடினால் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் (இனி ‘தாய்ப்பெயர்’) பக்கத்திலேயே வரும். 1837 ஜூலையில் பதிவு தொடங்கியதிலிருந்தே இந்த விவரம் அதில் உண்டு. ஃப்ரீபிஎம்டி பயன்படுத்தும் பழைய அட்டவணையில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் (ஜூலை–செப்டம்பர்) இருக்கிறது. ஆகவே பிறப்புக்கு ஜிஆர்ஓ, திருமணத்துக்கு ஃப்ரீபிஎம்டி. இன்னொரு பிள்ளைக்கும் அதே தாய்ப்பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். வேறு பெயர் வந்தால் அது அப்பாவின் மூத்தாள் பிள்ளையாக இருக்கலாம்.

இரண்டாம் படி: 12 தேடல்கள்

குடும்பப்பெயரையும் தாய்ப்பெயரையும் மட்டும் நிரப்புங்கள். குழந்தையின் பெயரையும் பதிவு மாவட்டத்தையும் காலியாக விடுங்கள். பெயர் வைக்கும் முன்பே போய்ச் சேர்ந்த குழந்தைகள் உண்டு, வேலைக்காக ஊர் மாறிய குடும்பங்களும் உண்டு.

ஒரு தேடலில் ஒரு ஆண்டும் முன்பின் 2 ஆண்டுகளும்தான் அடங்கும். கல்யாணம் 1886–87 என்றால் 1888, 1893, 1898, 1903, 1908 என ஐந்து நடு ஆண்டுகள், கடைசியாக 1911. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பதால் மொத்தம் 12. வருவதையெல்லாம் காலாண்டோடு நோட்டில் எழுதுங்கள். மார்ச் காலாண்டு என்பது பதிவான காலம், பிறந்த காலம் அல்ல. பதிவுக்கு 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த குழந்தை மறு ஆண்டுக் கணக்கில் இருக்கலாம்.

கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை பெரும்பாலும் தாயின் குடும்பப்பெயரில் இருக்கும். தாய்ப்பெயர் கட்டம் காலியாக இருக்கும். அதைத் தனியாகத் தேடிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இருப்பவர்களைப் பட்டியலில் கோடிட்டு அடித்தல்

1891, 1901, 1911 மூன்று சென்சஸ்களையும் வைத்துக்கொண்டு, 1911-இல் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை நோட்டில் ஒவ்வொன்றாக அடியுங்கள். வீட்டில் இல்லாததாலேயே இறந்துவிட்டதாக முடிவுகட்டாதீர்கள். 13, 14 வயதிலேயே பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குப் போய் வேறு முகவரியில் இருப்பார்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது அந்தக் காலத்தில் சகஜம். உங்கள் பட்டியலில் 1888-இல் ஒரு ஆலிஸ், 1892-இல் ஒரு ஆலிஸ் என்று வைத்துக்கொள்வோம். 1901 சென்சஸில் உள்ள ஆலிஸுக்கு வயது 9. அப்படியென்றால் அவள் இரண்டாமவள். முதல் ஆலிஸ்தான் நீங்கள் தேடும் மூவரில் ஒருத்தி. பெயரை மட்டும் பார்த்து அடித்தால் அவளைத் தொலைத்துவிடுவீர்கள்.

நான்காம் படி: இறப்பு அட்டவணை

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வயது 0 என்று போட்டுத் தேடுவார்கள், ஒன்றும் வராது, கைவிட்டுவிடுவார்கள். ஜிஆர்ஓ அட்டவணை தயாரானபோது பல இடங்களில் மாதத்தையும் வாரத்தையும் ஆண்டாகப் பதிந்துவிட்டார்கள். 9 மாதத்தில் இறந்த குழந்தைக்கு ‘வயது 9’ என்றிருக்கும். 3 வாரக் குழந்தைக்கு ‘வயது 3’.

ஆகவே வயதைக் காலியாக விடுங்கள். குடும்பப்பெயர், குழந்தையின் பெயர், பிறப்புப் பதிவான மாவட்டம், பிறந்த ஆண்டு – இவை போதும். வருகிற வயது 11-க்குள் இருந்தால் அதை மாதமாகவும் எண்ணிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஃப்ரீபிஎம்டியில் அதே காலாண்டைப் பாருங்கள். பழைய அட்டவணையில் ஒரு வயதுக்குள் இறந்தவர்களுக்கு 0 என்றே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

1900 வாக்கில் இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அதனால் தேடலைப் பிறந்த காலாண்டிலிருந்தே தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: சான்றிதழ்

அட்டவணை என்பது தடயம்தான், ஆதாரம் அல்ல. 2024 ஏப்ரல் விலைப்படி முழுச் சான்றிதழ் 12.50 பவுண்ட், பிடிஎஃப் 8, மின்படம் (பதிவின் டிஜிட்டல் படம்) 3. மின்படம் இருக்கும் ஆண்டென்றால் அதையே வாங்குங்கள், தகவல் ஒன்றுதான்.

குழந்தையின் இறப்புப் பதிவில் ‘தொழில்’ கட்டத்தை முதலில் பாருங்கள். அங்கே ‘இன்னாரின் மகள், தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி’ என்று எழுதியிருப்பார்கள். தந்தையின் பெயரும் தொழிலும் சென்சஸோடு பொருந்தினால்தான் அது உங்கள் குழந்தை. அடுத்த கட்டத்தில் காரணம்: கக்குவான் இருமல், தட்டம்மை, வயிற்றுப்போக்கு, வலிப்பு. கடைசியில் தகவல் கொடுத்தவர். எழுதத் தெரியாத தாய் என்றால் ஒரு பெருக்கல் குறியும், அதைச் சுற்றி அவள் பெயரைப் பதிவாளர் எழுதியதும் இருக்கும். ‘இறக்கும்போது உடனிருந்தார்’ என்ற சொற்களும் அங்கேதான். அவளைப் பற்றி வேறெந்தத் தாளிலும் கிடைக்காத செய்தி இது. மரத்தில் தாயின் பக்கத்திலும் எழுதி வையுங்கள்.

புதைத்த இடம் வேண்டுமென்றால் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் பதிவேடு உள்ளூர் நகராட்சியிலோ மாவட்ட ஆவணக் காப்பகத்திலோ இருக்கும். கல் நட்டிருக்காது, பொதுக்குழி எண்தான் கிடைக்கும்.

பிறகு சேர்த்தவை

எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடுதலாக இருந்தால், முந்தைய மணத்துப் பிள்ளைகளையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். குறைவாக வந்தால் தாய்ப்பெயரின் எழுத்து வேறுபாடுகளைப் போட்டுப் பாருங்கள். இறந்தே பிறந்த குழந்தைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 1927 ஜூலைக்கு முன் அவர்களுக்குப் பதிவே கிடையாது.

தாயின் பெயரே தாளில் இல்லையா? ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள் அன்றிரவு கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். அவர்களில் ஒருவரான எமிலி வைல்டிங் டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தார். 1901 தாளுக்குப் போய்த் தொடருங்கள்.

தந்தை படைவீரர் என்றால் குழந்தை இந்தியாவில் பிறந்து இறந்திருக்கலாம். பரங்கிமலை, வெலிங்டன், பெங்களூர் பாசறைகளின் ஞானஸ்நான, அடக்கப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில், மதராஸுக்கான என்/2 வரிசையில் இருக்கின்றன. மேலே சொன்ன 12 தேடல்களில் இவை அகப்படாது. ஸ்காட்லாந்தில் பிறந்திருந்தாலும் அதே கதைதான். அங்கே 1855 ஜனவரி 1 முதல் தனிப் பதிவு.