அமெரிக்கக் கல்லூரியில் செலவு மதிப்பீட்டை உயர்த்தக் கோருவோருக்கு

கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்த்து, ஓராண்டுக்கு ஆகும் மொத்தச் செலவை ஒவ்வோர் அமெரிக்கக் கல்லூரியும் மதிப்பிடுகிறது. அந்தத் தொகையே நிதியுதவிக்கு உச்சவரம்பு. ஆனால் அது சராசரிக் கணக்கு என்பதால், ஒருவருடைய தனிச் சூழலைக் கருதி அதை மாற்றும் அதிகாரத்தைக் கூட்டாட்சிச் சட்டமே கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்கு அளித்திருக்கிறது.

குழந்தைப் பராமரிப்பு, மாற்றுத்திறன் சார்ந்த தேவைகள், படிப்புக்கான கணினி முதலியவற்றுக்காகக் கோரலாம். கார் வாங்கும் விலையைச் சேர்க்க முடியாது. அதை ஓட்டவும் பராமரிக்கவும் ஆகும் செலவைச் சேர்க்கலாம்.

கடிதத்தில் உருக்கத்தைவிட எண்களே பேச வேண்டும். உதாரணமாக, கல்லூரி வாடகைக்கு மாதம் 900 டாலர் ஒதுக்கியிருக்க, நீங்கள் 1,250 டாலர் செலுத்துகிறீர்கள் என்றால், 350 டாலர் வித்தியாசத்தைத் தெளிவாக எழுதி, வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் பணம் செலுத்திய ரசீதுகளையும் இணைத்து, பருவம் முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கல்லூரியின் முடிவை எதிர்த்துக் கல்வித்துறையிடம் மேல்முறையீடு செய்ய வழியில்லை; ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே சான்றுகள் முழுமையாக இருப்பது மிக அவசியம்.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன்: வரம்பு உயர்ந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் கடன்தான். அது மானியமா கடனா என்று அலுவலரிடம் கேட்டறிந்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.