தொடலியைக் காட்டுமுன் ரவுண்டிங்கை மாற்றுங்கள்

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழக முதலாம் வருடத்துக்கு வகையீடு படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. வரைபு வரையும் கணித மென்பொருளான ஜியோஜீப்ரா இலவசம். லப்டொப்பில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

எக்ஸின் வர்க்கத்தை வரையுங்கள். வளையியில் (1, 1) இல் ஒரு புள்ளி. எச் என்று ஒரு ஸ்லைடர். இரண்டாவது புள்ளியின் கிடை ஆள்கூறு 1 கூட்டல் எச். அதுவும் வளையியிலேயே இருக்கட்டும். இரண்டையும் கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் படித்திறனை (சாய்வின் அளவை) திரையில் காட்டுங்கள்.

இப்போதுதான் கவனம் தேவை. ஸ்லைடர் ஒரு தடவைக்கு நகரும் அளவு வழமையாக 0.1, அதை 0.001 ஆக்குங்கள். அப்புறம் அமைப்புகளில் ரவுண்டிங்கை, அதாவது எத்தனை தசமதானம் காட்டுவது என்பதை, ஐந்து தசமதானத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எச் 0.001 ஆகும்போது படித்திறன் 2.001 என்று வராது, வெறும் 2 என்றே தெரியும். பிள்ளைகளும் 'சரி, 2 வந்துவிட்டது' என்று கொப்பியில் எழுதிவிடுவார்கள். 2 ஐ நெருங்கிக்கொண்டே போகிறது, ஆனால் 2 ஆகவில்லை என்ற 'எல்லை' எண்ணக்கருவே அங்கே காணாமல் போய்விடும்.

எச்சைப் பூச்சியமாக்கினால் என்ன நடக்கும் என்று முதலில் வகுப்பிடம் கேளுங்கள். பெரும்பாலும் 'தொடலி வரும்', அதாவது வளையியை அந்தப் புள்ளியில் தொட்டுச் செல்லும் கோடு வரும் என்பார்கள். இழுத்துக் காட்டுங்கள்: புள்ளிகள் இரண்டும் ஒன்றாகி, கோடே மறைந்துவிடும். ஒரே புள்ளியால் ஒரு கோட்டைத் தீர்மானிக்க முடியாதே! கரும்பலகையில் இதை இவ்வளவு பளிச்சென்று காட்ட முடியாது என்பது என் எண்ணம்.

புரொஜெக்டர் கிடைக்காத நாளில் போன் செயலியே போதும், மூன்று பேருக்கு ஒரு போன். எதிர்ப் பக்கத்திலிருந்து, எச் மறையாக (பூச்சியத்திலும் குறைவாக) இருக்கும்போதும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.