பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் ஓட்டக்காரர்களுக்கு: இடைப்பட்ட மாதங்களைப் பயன்படுத்தும் முறை

பள்ளியில் 1500, 3000 மீட்டர் ஓடிப் பழகிய கொங்குப் பகுதி மாணவர்கள் பலர், மாவட்ட, மாநிலப் போட்டிகள் முடிந்ததும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, மார்ச் மாதப் பொதுத்தேர்வு என்று படிப்பில் மூழ்கிவிடுகிறார்கள். பிறகு கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே மைதானத்துக்குச் சென்று மூன்றாமாண்டு மாணவர்களோடு சேர்ந்து ஓடத் தொடங்குவதால், ஒரு மாதத்துக்குள் முன்னங்கால் எலும்பில் வலி வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்குக் காரணம் தெளிவானது. நின்றுபோன மூச்சுத்திறன் சில வாரங்களில் மீண்டுவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் காலம் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓடுகிறவரின் கால் அந்தச் சுமைக்கு இன்னும் தயாராகியிருப்பதில்லை. ஆகவே, கடைசித் தேர்வு எழுதிய நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரையுள்ள காலத்தை உங்கள் பயிற்சியின் மிக முக்கியமான பருவமாகக் கருதுங்கள்.

தேர்வு நாட்களிலும் வாரத்துக்கு மூன்று முறை இருபது நிமிடம் மெதுவாக ஓடுவதை விட்டுவிடாதீர்கள். பெற்றோர் தடுத்தால், நேரத்தை முன்கூட்டியே சொல்லி, சொன்ன நேரத்தில் திரும்பி வந்து புத்தகத்தின் முன் உட்காருங்கள்; அவர்களுடைய கவலை நியாயமானது, அதற்கு நடத்தையால்தான் பதில் சொல்ல முடியும்.

தேர்வு முடிந்த பின் ஒரு வாரம் முழு ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் வாரத்துக்கு நான்கு நாட்கள், ஒவ்வொரு நாளும் இருபத்தைந்து நிமிடம் என்று தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், எட்டு அல்லது பத்து வாரங்களில் ஐந்து நாள் ஓட்டமும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர ஓட்டமும் உடலுக்குப் பழகிவிடும். வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான். இந்த வேகம் பலருக்கு அவமானமாகத் தோன்றுகிறது. ஆனால் பள்ளியில் 3000 மீட்டரோடு நின்றவர்கள் கல்லூரியில் 5000, 10,000 மீட்டருக்கு, அதாவது 400 மீட்டர் தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று, இருபத்தைந்து சுற்று ஓட்டங்களுக்கு மாறும்போது, அவர்களைத் தாங்கப்போவது இந்த மெதுவான ஓட்டம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாரத்தில் இரண்டு நாள், ஓட்டத்தின் முடிவில் நூறு மீட்டர் அளவில் ஐந்தாறு முறை தளர்வாக வேகமெடுத்து ஓடினால், பழைய வேகம் மறக்காமல் இருக்கும்.

இடமும் பருவமும் நம் ஊரில் தனிக் கவனம் கேட்பவை. ஏப்ரல், மே மாதங்களில் கரூர், ஈரோடு, சேலம் பக்கம் வெயில் கடுமையாக இருப்பதால், காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளில் ஆளைத் தள்ளும். அந்த நாட்களில் முதல் பாதியை மேற்கு நோக்கிக் காற்றை எதிர்த்து ஓடி, களைத்த பிறகு காற்று முதுகில் படும்படி திரும்பி வாருங்கள். எதிர்க்காற்றில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தார் ரோட்டைவிட கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால்களின் கரைகளில் உள்ள மண் பாதை காலுக்கு இதமானது. ஆனால் இருட்டில் பாம்பும் நாயும் உண்டு என்பதால், வெளுத்த பிறகு துணையோடு செல்லுங்கள். மாணவிகள் தனியாகச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளி மைதானத்தின் 200 மீட்டர் தடம் மட்டுமே வாய்க்குமானால், ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி உட்கால் வலிக்கும். எனவே ஒருநாள் விட்டு ஒருநாள் திசையை மாற்றி ஓடுங்கள்.

சாப்பாட்டுக்காகக் கடையில் பவுடர் வாங்க வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாமல் சாப்பிட்டு, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் பொறுப்பு உங்களுடையதே. கம்மங்கூழ், ராகிக்களி, கொள்ளுப்பருப்பு, நிலக்கடலை, முட்டை, கீரை ஆகியவை வீட்டிலேயே கிடைக்கின்றன. சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஆகவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காரணமில்லாமல் களைப்பு நீடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவது ரத்தசோகை. மாதவிடாய் தொடர்ந்து சில மாதம் நின்றுபோனால், ஓட்டத்துக்கு ஏற்ற அளவு சாப்பாடு போதவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். அதை நல்லதாக எண்ணி மறைக்காமல் அம்மாவிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

ஒரு நோட்டில் தேதி, ஓடிய நிமிடம், தூங்கிய நேரம், வலித்த இடம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். கூடவே, போட்டிச் சான்றிதழ்களின் அசலையும் நகல்களையும் ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் அடுக்கி, விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான படிவங்களில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால், பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கோடை விடுமுறைக்குப் போகும் முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் உடற்கல்வி இயக்குநரைச் சந்தித்து அந்த நோட்டைக் காட்டி, 'சார், இப்போது வாரத்துக்கு இவ்வளவு ஓடுகிறேன், இங்கிருந்து கூட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும்' என்று பணிவாகக் கேளுங்கள். விடுதியில் தங்குபவர்கள் காலைச் சாப்பாட்டு நேரத்தையும் வெளியே செல்லும் அனுமதியையும் முதல் வாரத்திலேயே விசாரித்துவிட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் குளிர்கால மாதங்களில் வருவதால், சேர்ந்த முதல் நான்கு வாரங்களில் சீனியர்களின் வேகப்பயிற்சியில் பாதி எண்ணிக்கையை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டால்கூட உங்களுக்கு நேரம் போதுமான அளவு இருக்கிறது.