உயிர்க்கரியை ஊறவைத்த பிறகே மண்ணில் இடுங்கள்

உயிர்க்கரியை (மரக்கழிவு, பயிர்க்கழிவுகளைக் காற்று குறைந்த சூழலில் சுட்டு, மண்ணில் இடுவதற்காக எடுக்கும் கரி) வெறுமனே மண்ணில் போடாதீர்கள். பட்டாணி அளவுக்கு நொறுக்கி, கரி ஒரு பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ இரண்டு பங்கு என்று கலந்து, நீர்த்த சாணக் கரைசல் தெளித்து, நிழலில் மூன்று வாரம் மூடி வையுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. (நொறுக்கும்போதே தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், கரித்தூசி நுரையீரலுக்கு ஆகாது.)

புதுக் கரி மண்ணிலுள்ள அம்மோனியத்தை, அதாவது பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தை (நைட்ரஜனை), பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, அதில் ஒட்டியிருக்கும் எளிதில் சிதையும் கார்பனைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். தொடக்க வாரங்களில் அடியிலைகள் வெளுத்து மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான். ஊறிய கரியில் அந்தப் பசி முன்பே அடங்கியிருக்கும்.

அதற்காகக் கரியே உரமாகிவிடாது. மரக்கரியில் தழைச்சத்து மிகக் குறைவு, இருப்பதும் பயிருக்கு எளிதில் கிடைக்காது. வழக்கமான தொழுவுரத்தைக் குறைக்க வேண்டாம்.

மண்ணின் பிஎச் (அமில, கார அளவு) 7.5-க்கு மேல் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். பெரும்பாலான கரி காரத்தன்மை உடையது. இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறை கூடும். அமில மண்ணிலும் மணற்பாங்கான மண்ணிலும்தான் பலன் தெளிவாகத் தெரியும்.